டிராக்டர் பட்டமும் மஞ்சள் நூலும்

ஒரு வருஷம் முழுக்கத் திருத்தணியில் எனக்கு டிராக்டர் என்று பெயர். பஜாரில் நான் வேலை பார்த்த துணிக்கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இன்னா டிராக்டரு, டீசல் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஜாக்கெட் துணி வாங்க வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். முதலாளி வாயைப் பொத்தாமலே சிரிப்பார். நான் கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துணியைத்தான் வெட்டுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தப் பெயரை எனக்கு வைத்தவர் வெளியாள் இல்லை, என் அக்காவின் புருஷன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்தில் கொடி ஓட்டம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு சுபேதார் அதைத் தொடங்கி வைத்தார். இங்கிலீஷில் ஓரியன்டீரிங் என்று பெயர் சொன்னார். அது எங்கள் வாயில் நுழையவில்லை. ஓட்டப் பந்தயம்தான், ஆனால் பாதை கிடையாது. கையில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். கரட்டிலும் ஏரிக்கரையிலும் பனந்தோப்பிலும் கொடிகள் கட்டியிருக்கும். வரைபடத்தில் வட்டம் போட்ட இடத்துக்குப் போய்க் கொடியைக் கண்டுபிடித்து, அடுத்ததற்கு ஓட வேண்டும். எந்த வழியில் போவது என்பது அவனவன் சாமர்த்தியம். திசைகாட்டி எல்லோரிடமும் இருக்காது. ஆனால் முருகன் மலை எங்கே நின்று பார்த்தாலும் தெரியும், அதை வைத்தே திசை பிடித்துவிடுவோம். திருவாலங்காட்டிலிருந்தும் அம்மையார்குப்பத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குப் பையன்கள்கூட வருவார்கள்.

கொடியைத் தொட்டதற்கு அத்தாட்சி வேண்டும் அல்லவா? பட்டாளத்தில் அதற்கு முத்திரை குத்தும் கருவி உண்டாம். எங்களிடம் ஏது? நெசவு நடக்கிற பக்கத்தில் நூலுக்கா பஞ்சம்? ஒவ்வொரு கொடியிலும் ஒரு நிறத்தில் நூல்கண்டு தொங்கும். ஒரு முழம் இழுத்துப் பல்லால் கடித்து அறுத்து, இடது மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். முடிவில் சுபேதார் மணிக்கட்டைப் பார்ப்பார். மடியில் செருகி வந்த நூல் செல்லாது. ஒருத்தன் இரண்டு துண்டு அறுத்துக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டதால் வந்த விதி அது. கட்டிய நூல் வழியில் அறுந்து விழுந்தாலும் அந்தக் கொடி போச்சு, அதோடு பந்தயமும் போச்சு.

அந்த நூலைக் கொடுத்து உதவியவர் என் பாவா, அதே அக்கா புருஷன்தான். அம்மையார்குப்பத்தில் அவருக்கு விசைத்தறிகள் இருந்தன. "என் நூலக் கட்டிகினுதான்டா எல்லாரும் ஓடறீங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் கண்டுகளை எடுத்து வைப்பார். அவரும் ஓடுவார். கால் நல்ல வேகம், வரைபடம்தான் பிடிபடாது. ஏரியையும் குளத்தையும் மாற்றிப் பார்ப்பார். அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் எவனோ அவன் பின்னாலேயே ஓடிவந்து, கடைசிக் கொடி கண்ணில் பட்டதும் முந்திக்கொண்டு போய்விடுவார். அப்படித் தெரிந்தவன் பெரும்பாலும் நான்தான். நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த வழியெல்லாம் அவருக்குக் கோப்பையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மாசி மாதம் திருவாலங்காட்டுப் பக்கம் ஓட்டம் நடந்தது. கரும்பு வெட்டும் பருவம். என் முதுகுக்குப் பின்னால் அவருடைய மூச்சு கேட்டுக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சட்டென்று வெட்டாத கரும்புக்குள் புகுந்தேன். தோகை முகத்தை அறுத்தது. அறுக்கட்டும் என்று குனிந்து ஓடி மறுபக்கம் வெளியே வந்தேன். பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. அன்றைக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். எல்லா நூலும் மணிக்கட்டில் இருந்தது. சுபேதார் என் முதுகில் தட்டினார்.

பாவா ரொம்ப நேரம் கழித்து வந்தார். வந்தவர் மூச்சு வாங்கக்கூட இல்லை. நேராகச் சுபேதாரிடம் போய், "கரும்பு டிராக்டர் மேல ஏறி உக்காந்துகினு போனான்ங்க இவன். என் கண்ணால பாத்தேன்" என்றார்.

நான் இல்லை என்றேன். யார் கேட்டார்கள்? சொந்த மச்சானைப் பற்றி எவனாவது பொய் சொல்வானா என்பதுதான் எல்லோருடைய நியாயமும். பகையாளி சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். உறவுக்காரர் சொன்னதால் அது சத்தியமாகிவிட்டது. கோப்பையைப் பாவா வாங்கிக்கொண்டார். நான் அவர்மேல் பாயப் போனபோது, ஓட்டம் பார்க்க வந்திருந்த அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உன் அக்கா அந்த வூட்லதான்டா வாழணும். பொறுத்துக்க" என்றாள். பொறுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலமே டிராக்டர் என்ற பெயர் எனக்கு முன்னால் பஜாருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எனக்கு வேண்டியது கோப்பை அல்ல. அதை அவர் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரியட்டும். நான் டிராக்டரில் ஏறவில்லை என்று அவர் வாயாலேயே, சுபேதாரும் ஊரும் கேட்க, சொல்ல வேண்டும். அது மட்டும்தான் வேண்டும். வருஷம் முழுக்கக் கறுவிக்கொண்டிருந்தேன். பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால் பாவாவுக்கு நான்தான் இலை போட வேண்டும், நான்தான் கைகழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். "டிராக்டரு, இன்னும் கொஞ்சம் சாம்பார் ஓட்டினு வா" என்பார். ஓட்டிக்கொண்டு போவேன். அக்கா சமையலறைக் கதவருகே நிற்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். சிரிக்கவும் மாட்டாள். அவள் அவர் பக்கம் போய்விட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அதுவும் வயிற்றெரிச்சலோடு சேர்ந்துகொண்டது.

அடுத்த வருஷம் சுபேதார் வீட்டில் கல்யாணம் வந்ததால் ஓட்டம் மாசியிலிருந்து வைகாசிக்குத் தள்ளிப்போனது. வைகாசி வந்தால் எங்கள் கடையில் மஞ்சள் துணி வியாபாரம்தான். ஊருக்கு ஊர் அம்மன் கோயில் தீமிதி நடக்கும். எல்லைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் தர்மகர்த்தா மஞ்சள் வேட்டிகள் எடுக்க வந்தார். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என்னிடம் துணி எடுக்கிறார்கள், அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம். தீமிதி என்றைக்கு என்று கேட்டேன். கொடி ஓட்டம் நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார்.

"போன வருசம் ஒருத்தன் காப்பு கட்டிகினு, கடைசி நேரத்துல நெருப்பப் பாத்து பயந்து ஓடிட்டான்ங்க. காப்பு கட்டினவன் எல்லை தாண்டினா ஊருக்கே ஆவாது. அந்த வருசம் ஏரிக்குத் தண்ணியே வரல. இந்த வாட்டி நாலு பக்கமும் ஆள் போட்டுட்டோம். மஞ்சள் நூலு கட்டின கை ஒண்ணு எல்லை தாண்டக் கூடாது" என்றார்.

நான் வேட்டிகளை மடித்துக் கட்டிக் கொடுத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தோன்றியது ஓட்டத்தன்று காலையில். வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். இரண்டாவது கொடி ஒரு கரட்டின் மேல். மூன்றாவது கொடி ஏரிக்கு அந்தப் பக்கம். நடுவில், குறுக்கே, அதே ஊர். ஊருக்குள் நுழைந்து தெருவோடு ஓடினால் வழி பாதிதான். ஏரிக்கரையைச் சுற்றிப் போனால் முட்காடும் சேறும். சுபேதார் ஒவ்வொரு கொடிக்கும் என்ன நிறம் என்று அறிவித்தார். முதல் கொடி பச்சை. இரண்டாவது மஞ்சள். பாவா பக்கத்தில் நின்று, "எல்லாம் புது நூலு. பளிச்சுனு சாயம் போட்டுக் குடுத்துக்கறேன்" என்று பெருமை பேசிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து செருப்பைக் கழற்றுவதுபோல மறைத்துக்கொண்டேன். முருகன் எனக்குப் பந்தியில் இலை போட்டுப் பரிமாறியே வைத்துவிட்டான். கை வைக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஓட்டம் தொடங்கியதும் நான் வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். பாவா என்னைத் தவறவிடக் கூடாதே. பச்சை நூல் கட்டும்போது பின்னால் காலடி கேட்டது. கரட்டின் மேல் மஞ்சள் நூல் கட்டும்போது பக்கத்திலேயே வந்துவிட்டார். "இன்னா மச்சான், இன்னிக்கு டிராக்டரு கெடைக்கலியா?" என்றார். நான் இறங்கி, ஊரை நோக்கி நேராக ஓடினேன். ஊர்முனையில் வேப்பிலைத் தோரணம் தெரிந்தது. மேளமும் கேட்டது. தோரணத்துக்கு முன்னால் கள்ளி வேலி ஒன்று வளைந்து போகும். வளைவில் திரும்பியதும் வேலிக்குக் கீழே பள்ளத்தில் படுத்துவிட்டேன். என் தலைக்கு மேல் அவர் கால்கள் தடதடவென்று போயின. நான் தெருவுக்குள் போய்விட்டேன் என்று நினைத்திருப்பார். தோரணத்தைத் தாண்டி உள்ளே போனார். நான் எழுந்து, மஞ்சள் நூல் கட்டிய கையைப் பத்திரமாகச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, ஏரிக்கரையைச் சுற்றி முள்ளிலும் சேற்றிலும் ஓடினேன். முள் குத்தியது. குத்தினது தெரியவே இல்லை.

முதலில் வந்து சேர்ந்தேன். திருவிழாக் கூட்டத்தைத் தவிர்க்க ஏரிக்கரையையே சுற்றிய மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாவா வரவில்லை. மதியம் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, "உங்க பாவா எங்கடா?" என்று கேட்டாள். வந்துவிடுவார் என்றேன். சுபேதாருக்குக் கவலை வந்துவிட்டது. கிணற்றில் விழுந்தாரோ, பாம்பு கடித்ததோ என்று ஆட்களை அனுப்பினார். நான் புளிசோற்றை நிதானமாகச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியாக நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. தேடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அக்கா முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான், ஏரிக்கரை ஊர்ப்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று வாய் திறந்தேன். சுபேதார், அக்கா, நான், கூட ஓடிய சில பையன்கள் எல்லோரும் பஸ் ஏறிச் சாயங்காலம் அங்கே போய் இறங்கினோம்.

கோயில் திடலில் குண்டம் தயாராக இருந்தது. மத்தியானத்திலிருந்து எரிந்த புளியங்கட்டை தணலாகி, அனல் நாங்கள் நின்ற இடம்வரை அடித்தது. குண்டத்துக்கு எதிரில் மஞ்சள் வேட்டி கட்டி, ஈரத்தோடு, கையில் வேப்பிலையோடு ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது. வரிசையின் கடைசியில் பாவா இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு திடகாத்திரமான ஆட்கள். அவர் கட்டியிருந்த வேட்டி எங்கள் கடை வேட்டி, நான் மடித்துக் கொடுத்தது.

தர்மகர்த்தா என்னை அடையாளம் கண்டுகொண்டு அருகில் வந்தார். நடந்ததைச் சொன்னார்.

"காலையில ஓடியாந்தாருங்க. கையில மஞ்சள் நூலு. காப்பு கட்டிகினு எங்கயா ஓட்டம்னு நிறுத்தினோம். பந்தயம்ன்றாரு, கொடின்றாரு. பச்சை நூலு ஒண்ணு வேற கட்டி மறைச்சிக்கறாரு. சரி, காப்பு இல்லன்னா அறுத்துப் போட்டுட்டுப் போயான்னோம். நாயமாத்தானே சொன்னோம்? அறுக்கவே மாட்டேன்னு கையப் பொத்திகினாரு. இத அறுத்தா எல்லாமே போயிடும்னு கத்தறாரு. வெறும் நூலுக்கு எவன்ங்க அப்படிக் கத்துவான்? அப்புறம் இட்டுனு போயி, மஞ்சத் தண்ணி ஊத்தி, அம்மனுக்கு முன்னால நிக்கவெச்சு, மஞ்சக் கிழங்கு சேத்துக் கட்டிட்டோம்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஊர் எல்லையில் அரை நாள் மறிக்கப்பட்டு நிற்பார், பந்தயம் போகும் என்பதுதான் என் கணக்கு. நூலை அறுத்திருந்தால் அப்போதே வெளியே வந்திருப்பார். கோப்பைக்கு ஆசைப்பட்டு அவரே நூலைக் காப்பாக்கிக்கொண்டார். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே சுடுவதற்குத் தணல் வேறு தயாராக இருந்தது.

"இப்ப அவுக்க முடியாதா?" என்று சுபேதார் கேட்டார்.

"வூட்டாளுங்க யாராச்சும், வேண்டுதல் எதுவும் இல்லன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணா அவுத்துடலாம்ங்க. அத வுட்டா வேற வழி இல்ல."

பாவா என்னைப் பார்த்துவிட்டார். "மச்சான், நல்ல வேளை வந்த. சொல்லு மச்சான் இவங்ககிட்ட" என்றார். அவர் குரலில் அவ்வளவு பணிவு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"இன்னா பாவா சொல்லணும்?"

"பந்தய நூலுன்னு சொல்லு. வேண்டுதல் இல்லன்னு சொல்லு."

"சொல்றேன் பாவா. அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லுங்க. போன வருசம் மாசி ஓட்டத்துல நான் எது மேல ஏறினு போனேன்?"

"இதுக்கு இதுவா மச்சான் நேரம்?"

"இதுதான் பாவா நேரம்."

அவர் குண்டத்தைப் பார்த்தார். ஒருத்தர் முறத்தால் தணலைத் தட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். பாவா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல பாவா. சுபேதாருக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன்.

"எதுலயும் ஏறல" என்றார். "கரும்புக்குள்ள பூந்தான். நான் வுட்டுட்டேன். டிராக்டருன்னு சொன்னது நாந்தான், பொய்தான். போதுமா?"

சுபேதார் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதில் இரண்டு பேர் எனக்கு டீசல் போட்டவர்கள். ஒரு வருஷமாக என் நெஞ்சில் மாட்டியிருந்த முள் அன்றைக்குத்தான் எடுபட்டது. போதும் என்று நினைத்தேன். உண்மையாகவே போதும் என்றுதான் நினைத்தேன். தர்மகர்த்தா நீட்டிய தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் கையை ஓங்கினேன்.

அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நான் அவுரு சம்சாரம்ங்க" என்று தர்மகர்த்தாவிடம் சொன்னாள். "வேண்டுதல் இருக்குது. நாந்தான் வேண்டிகினேன். மூணு வருசம் மிதிக்கறதா."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் சூடத்தை ஓங்கி அடித்து அணைத்தாள். அக்கா அவரைப் பார்த்து, "பயப்படாம போயிட்டு வாங்க. அம்மன் பாத்துக்குவா" என்றாள். சோறு போடும்போது பேசுகிற அதே குரல்தான்.

பாவா தீ மிதித்தார். அவருக்குக் கால் நல்ல வேகம் என்று நான் முன்னாலேயே சொன்னேன். குண்டத்தைக் கடந்து பால் தொட்டியில் காலை வைத்ததும் கூட்டம் குலவையிட்டது. காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குறைதான்.

திரும்பும்போது பஸ்ஸில் பாவா முன்சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். "அவர மாட்டிவுடறதுக்குத்தானே வேண்டுதல்னு சொன்ன?"

"சூடம் அடிச்சு எவளாவது பொய் சொல்லுவாளா?" என்றாள். "போன வருசம் மாசியில, ஓட்டம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே அவுரே சிரிச்சுகினு சொன்னாரு, பொய்தான் சொன்னேன்னு. உன் நல்ல பேரு அவுரு வாயாலயே திரும்பி வரணும், வந்தா அவுர மூணு வருசம் தீ மிதிக்க வெக்கறேன்னு அன்னிக்கே அம்மன வேண்டிகினேன். அவுரக் கேக்கல. என்னை மட்டும் எவன் கேட்டான்? வருசம் பூரா என் தம்பிய என் எதிர்லயே டிராக்டருன்னுகினு இருந்தாரு. இன்னிக்கு அம்மனே கைய புடிச்சு இட்டுனு வந்து உக்காரவெச்சிட்டா பாரு."

அம்மன் எங்கே இட்டுக்கொண்டு வந்தாள்? கள்ளி வேலிக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தவன் நான். ஆனாலும் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. பெயர் அம்மனுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு என்னைவிட மூத்த கோபம்.

டிராக்டர் என்று அதன்பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பாவா மட்டும் என்னை மச்சான் என்றுகூடக் கூப்பிடாமல் இருந்தார், அதுவும் எனக்கு வசதிதான். அடுத்த வருஷம் கல்யாணம் எதுவும் இல்லை, ஓட்டத்தை மறுபடி மாசிக்கே கொண்டுபோகலாம் என்று சுபேதார் சொன்னார். மாசியில் கரும்பு டிராக்டர்கள் குறுக்கே வரும், வீண் பேச்சு வரும், வைகாசியே நல்லது என்று சொன்னேன். அவர் நியாயம்தான் என்றார். தர்மகர்த்தாவிடம் தீமிதி நாளை முன்கூட்டியே கேட்டுவந்து, அதே ஞாயிற்றுக்கிழமையை ஓட்டத்துக்குக் குறிக்கச் சொன்னேன். அந்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும், பாவா கொடுத்த நூலைக் கட்டிக்கொண்டு நான் முதலில் வந்து சேர்ந்தேன், அவர் அந்த ஊர் எல்லைக்குள் மஞ்சள் வேட்டியோடு உட்கார்ந்து மேளம் கேட்டுக்கொண்டிருந்தார்.